நேற்றைய அளவே

ஏப்ரல் 10, வியாழன்

ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து எனக்கு மறுபடியும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. காலையில் ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, என் மனைவி ஜெயக்கொடியிடம் வலி எவ்வளவு என்று கேட்டுப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை எழுதி வைக்க வேண்டும். பூஜ்யம் என்றால் வலி இல்லை. பத்து என்றால் தாங்க முடியாது. மதுரையிலிருந்து வியாழக்கிழமை மட்டும் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கும் நரம்பு டாக்டரம்மாவின் உத்தரவு இது. என் மகளைவிடச் சின்ன வயது. பேச்சு மட்டும் கலெக்டர் தோரணை.

டாக்டரம்மா நோட்டு விஷயத்தை ஜெயக்கொடியிடம்தான் சொன்னார். நான் குறுக்கே புகுந்தேன். "அத நான் எழுதுறேன் டாக்டர். வேங்கையாறு அணையில முப்பத்து மூணு வருஷம் லஸ்கரா இருந்தவன். தெனம் காலையில ஆறு மணிக்குப் படியிறங்கித் தண்ணி அளவு பாத்து எழுதினவன். ஒரு நாள் தப்பினதில்ல."

"அப்ப நல்லதாப் போச்சு சார்" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து பழைய நீள நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். நாள், காலை, இரவு, குறிப்பு என்று நான்கு கட்டம். கூடத்துச் சுவரில் என் பாராட்டுச் சான்றிதழ் இருக்கிறது. அதன் கீழேயே ஆணியில் நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன்.

விவரத்தையும் எழுதி வைக்கிறேன். மார்ச் மாதம் ஜெயக்கொடிக்கு முதுகின் இடப்பக்கம் அக்கி வந்தது. கொப்புளம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வலி உதிரவில்லை. சின்ன வயதில் வந்த அம்மை நரம்புக்குள்ளேயே ஒளிந்திருந்து, வயதான காலத்தில் கிளம்பி வருமாம். போகும்போது நரம்பைக் கெடுத்துவிட்டுப் போகுமாம். துணி பட்டால் எரிகிறது என்கிறாள். காற்றுப் பட்டாலும் எரிகிறது என்கிறாள்.

டாக்டரம்மா பழைய சீட்டைப் படித்துவிட்டு அவளைத் திட்டினார். "ஏன்மா, கொப்புளம் வந்து எட்டு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? காவியப் பூசி அக்கி எழுதினா சரியாப் போயிடுமா? மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மாத்திரை கேட்டிருக்குமே." ஜெயக்கொடி மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது.

மே 8 மறுபடி வரச் சொன்னார். எண் இறங்கியிருந்தால் மாத்திரையைப் பாதியாகக் குறைப்பார். இறங்காவிட்டால் மதுரைக்குப் போய் முதுகுத்தண்டுப் பக்கம் ஊசி போட வேண்டுமாம். ஊசி வரைக்கும் போகக் கூடாது. போக விட மாட்டேன்.

இரவு: 7.

ஏப்ரல் 11

காலை 7. இரவு 7. மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். ஏப்ரல் வெயிலில் விசிறி இல்லாமல் மனிதன் எப்படி இருப்பது? ஒன்றில் வைத்தேன். பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறையில் போய்ப் படுத்தாள். பிடிவாதக்காரி.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. காலை 7.

பக்கத்து வீட்டுப் பவுன்தாய் மாங்காய்ப் பச்சடி கொண்டு வந்தாள். ஜெயக்கொடி மகளுடைய பழைய நைட்டி ஒன்றில் இருந்தாள். சேலை முந்தானை இடது தோளில்தானே வருகிறது, அது உரசுகிறதாம். நல்ல நாளும் அதுவுமாக நைட்டியோடு வாசலுக்கு வர வேண்டுமா என்று கேட்டேன். பவுன்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"மதினி படுற பாட்டுக்கு நைட்டி ஒண்ணுதாண்ணே கொறச்சல்."

"உன்னாலதான் இவ்வளவும். அக்கி எழுதணும்னு வேளார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

"நானா? அண்ணே, நீங்க மட்டும் அன்னைக்கே..." என்று ஆரம்பித்தாள். ஜெயக்கொடி அவளைப் பார்த்தாள். பவுன்தாய் கிண்ணத்தை வைத்துவிட்டு, பாத்திரத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டாள்.

பச்சடியில் வெல்லம் தூக்கல். இரவு: 7.

ஏப்ரல் 17

காலை 8. இரவு 8.

எட்டு என்று கேட்டதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டேன். எப்படி எட்டு ஆகும்? மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கிறேன். மூட்டை தூக்கச் சொல்லவில்லை. துணி துவைக்க மெஷின் இருக்கிறது. மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ள வேண்டும், சும்மா அதையே நினைத்துக்கொண்டிருந்தால் ஏறத்தான் செய்யும் என்று எடுத்துச் சொன்னேன். அரை மணி நேரம் சொல்லியிருப்பேன். நின்றுகொண்டே கேட்டாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறாள்.

நான் மீதம் வைத்த இட்லியை மூடி வைத்தாள். அவள் சாப்பிட்டாளா என்று கவனிக்கவில்லை.

ஏப்ரல் 18

காலை 6. சொன்னேன் அல்லவா, மனம்தான் காரணம்.

ஏப்ரல் 21

காலை 6. இரவு 5. கறிவேப்பிலைச் செடிக்கு மண் அணைத்தேன்.

ஏப்ரல் 24

ஓய்வூதியர் சங்கக் கூட்டம். செயலாளர் என்றால் எல்லாச் சுமையும் நம் தலையில்தான். திரும்பி வந்தபோது அவள் மாத்திரை மயக்கத்தில் தூங்கிவிட்டாள். காலையிலும் அவசரத்தில் கேட்கவில்லை. இரண்டு கட்டத்திலும் 5 என்று போட்டேன்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. அணையில் இருந்தவனுக்கு இது தெரியும். நேற்று அறுபத்தொன்றரை அடி. மேலே மழை இல்லை, மதகு திறக்கவில்லை. இன்று எவ்வளவு இருக்கும் என்று இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா? பதிவேட்டில் "நேற்றைய அளவே" என்று எழுதினால் போதும். எண்பத்து நான்கு படி. மழைக்காலத்தில் பாசி வேறு. எல்லா அணையிலும் எல்லா லஸ்கரும் செய்ததுதான்.

ஏப்ரல் 28

என் வேட்டி ஒன்றைக் காணோம். தேடினால் அவள் கிழித்து வைத்திருக்கிறாள். பழைய வேட்டிதான், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. அதை விலாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் நைட்டி உரசுவது கொஞ்சம் மட்டுப்படுகிறதாம். கொடியில் அவளுடைய ரவிக்கை ஒன்று காய்ந்தது. இடப்பக்கம் கை முதல் இடுப்பு வரை கத்தரித்து எடுத்திருந்தாள். பாதி ரவிக்கை. பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

வலி எவ்வளவு என்றேன். "நாலு போட்டுக்கங்க" என்றாள்.

மே 1

4, 4. கிணற்றடியில் வழுக்கப் பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரை தலையைச் சுற்றுகிறதாம். அதனால்தான் சொல்கிறேன், மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்று.

மே 3

மகள் இளவரசி திருப்பூரிலிருந்து போன் செய்தாள். எண்களைப் படித்துக் காட்டினேன். "நாலாப்பா? நேத்து பேசினப்ப அம்மாவுக்குக் குரலே வரலையே" என்றாள். குரலுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்? "போனை அம்மாகிட்ட குடுங்க" என்றாள். கொடுத்தேன். ஜெயக்கொடி கொல்லைப்புறம் போய்ப் பேசினாள். மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். சளி.

மே 6

3. முதல் முறையாக மூன்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். கட்டம் போட்ட தாளில் வரைபடமும் வரைந்துவிட்டேன். கோடை அணைபோல ஒரே சீராக இறங்குகிறது.

மே 8, வியாழன்

டாக்டரம்மாவிடம் நோட்டையும் வரைபடத்தையும் கொடுத்தேன். "இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதி நான் பாத்ததில்ல சார்" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸிடமும் காட்டினார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். ஊசி வேண்டாம். ஒரு மாதம் கழித்து வந்தால் போதும்.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று அவளைக் கேட்டார். ஜெயக்கொடி டாக்டரம்மா கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். "அவரு எழுதினதுதான்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. முக்கால் மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர்கூடக் கேட்டுவிட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மே 9

3. பாதி மாத்திரை ஆரம்பம்.

மே 10

நேற்றைய அளவே.

மே 11

நேற்றைய அளவே.

மே 12

நேற்றைய அளவே. சமையல் இல்லை. கடையில் பரோட்டா வாங்கி வந்தேன். அவளுக்குப் பசிக்கவில்லையாம்.

மே 13

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் கடைவீதிக்குப் போனோம். வீட்டுக்குள்ளேயே கிடந்தால் மனம் கெடும் என்று நான்தான் வற்புறுத்தினேன். காய்கறிக் கடை வாசலில் நின்றபோது மினி பஸ் ஒன்று ஒட்டி வந்தது. ஒதுங்கச் சொல்ல அவள் முதுகில் கை வைத்தேன். தள்ளக்கூட இல்லை, கை வைத்தேன், அவ்வளவுதான்.

அவள் கத்தினாள். நாற்பத்தோரு வருடத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. இளவரசி பிறந்தபோதும் வெளியே நின்றேன், இப்படிக் கத்தவில்லை. கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். தக்காளி உருண்டது. கூட்டம் கூடியது. "யோவ், அந்தம்மாவ அடிச்சியா?" என்று ஒருவன் என்னைக் கேட்டான். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஆட்டோவில் வந்தோம். எண் கேட்கவில்லை. கட்டம் காலியாக இருக்கிறது.

மே 14

கேட்கப் போனேன். அவள் கண்ணை மூடிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கேட்காமல் வந்துவிட்டேன்.

மே 15

பானைத் தண்ணீர் குடித்தால் நன்றாக இருக்கும் என்று போன வாரமே சொல்லியிருந்தாள். இன்று வாங்கப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் வேளார் வீட்டு முத்துப்பிள்ளைதான் பானை விற்கிறாள். வேறு கடை இருந்தால் அங்கே போயிருப்பேன். அந்த அம்மாள்மேல் எனக்கு இரண்டு மாதக் கோபம்.

என்னைக் கண்டதும் எழுந்தாள். "சார், வீட்டுல அம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"நல்லா எழுதி விட்டீங்க போங்க. இன்னும் படுறா" என்றேன்.

முத்துப்பிள்ளைக்கு முகம் மாறியது. "என்ன சார் சொல்றீங்க? நான் எழுதவே இல்லையே. சேலைய விலக்கிப் பாத்ததுமே எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. முதுகுல ஆரம்பிச்சு விலா வரைக்கும் கொப்புளம். ஆறு நாளாச்சுன்னாங்க. தாயி, இது என் கைக்கு மீறினது, இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னு சொன்னேன்."

"பிறகு காவி எப்படி வந்துச்சு?"

"அதுவா? கொப்புளம் நின்ன எடத்துல, ஓரமா ஒரே ஒரு கோடு இழுத்துவிட்டேன். இதைத் தாண்டி ஏறுதான்னு டாக்டர் பாக்கட்டும்னு. தாண்டுச்சுன்னா ஆகாது, வீட்டுல அவரைப் பாத்துக்கிடச் சொல்லுங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன். சொன்னாங்களா சார்?"

பானைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள். மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் பானையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். விரிசல் இல்லை. எனக்குத்தான் நடை சரியில்லை.

மே 16

சொன்னாள். ஜெயக்கொடி சொன்னாள்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு மாதமாக இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

மார்ச் 2, ஞாயிறு. "ஏங்க, முதுகுல என்னமோ எரியுதுங்க. எனக்குத் தெரியல, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். சங்க ஆண்டு விழா அழைப்பிதழில் பெயர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல், "வேர்க்குரு. பவுடரப் போடு" என்றேன்.

மார்ச் 4. மறுபடி கேட்டாள். "அதான் சொன்னேனே, வேர்க்குருன்னு."

மார்ச் 5. ரவிக்கையின் கொக்கியைக் கழற்றிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள். வாசலில் ஆள் வந்துவிட்டது. பிறகு பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

மார்ச் 7. பவுன்தாயோடு முத்துப்பிள்ளையிடம் போனாள். வந்து சொன்னாள், ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போகச் சொல்கிறார்கள் என்று. கோடு போட்டதையும் சொன்னாள். மறுநாள் ஆண்டு விழா. விழா முடியட்டும் என்றேன். அதற்கு மறுநாள் ஞாயிறு, டாக்டர் இல்லை.

மார்ச் 10. போனோம். டாக்டர் திரைக்குள் பார்த்தார். நான் திரைக்கு வெளியே நின்றேன். "என்ன இது, காவியா? அக்கி எழுதினீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "ஆமா டாக்டர். எனக்குத் தெரியாமப் போயிட்டா. அதான் லேட்டு."

அதைத்தான் அவர் சீட்டில் எழுதினார். அந்தச் சீட்டைத்தான் அதன் பிறகு பார்த்த ஒவ்வொரு டாக்டரும் படித்துவிட்டு அவளைத் திட்டினார்கள். மூன்று பேர். மூன்று முறையும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? என்மேல் பழி வந்துவிடும் என்று பயம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

மே 17

சுவரில் தொங்கும் சான்றிதழைக் கழற்றினேன். ஆணி மட்டும் இருக்கிறது.

அதையும் எழுதிவிடுகிறேன். பெரிய இன்ஜினியர் சொல்லாமல் கொள்ளாமல் அணைக்கு வந்து, பதிவேட்டையும் தண்ணீரையும் ஒத்துப் பார்த்தார். ஓர் அங்குலம் பிசகவில்லை. அதற்குத்தான் பாராட்டு. அந்த வாரம் முழுக்க நான் படியிறங்கவே இல்லை. அவர் வருவதற்கு முந்தின ராத்திரி மேலே மழை பெய்து, விடிவதற்குள் மூன்று அடி ஏறியிருந்தது. நான் போர்வைக்குள் இருந்தேன். ஜெயக்கொடிதான் இளவரசியை இடுப்பில் வைத்துக்கொண்டு எண்பத்து நான்கு படி இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, நான் படுக்கப் போகும் முன்பே எழுதி வைத்திருந்த "நேற்றைய அளவே"யை அடித்துச் சரியான அளவை எழுதி வைத்திருந்தாள். என் கையெழுத்தைப் போலவே எழுதியிருந்தாள். அவள் சேலை முழங்கால் வரை நனைந்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

அன்று மட்டும்தானா என்று நான் கேட்டதில்லை.

மே 18, ஞாயிறு

காலையில் நோட்டோடு அவள் முன்னால் போய் நின்றேன். வலி எவ்வளவு என்றேன்.

"உங்களுக்கு எவ்வளவு வேணும், சொல்லுங்க. அதையே சொல்றேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி எவ்வளவு போடட்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். உண்மையைச் சொல் என்றேன்.

"எட்டுன்னு சொன்னா நீங்க தட்டத் தள்ளிட்டு ஒக்காந்துக்கிறீங்க. அரை மணி நேரம் எனக்குப் புத்தி சொல்றீங்க. எனக்கு நிக்கவே முடியலங்க, அதக் கேட்டுக்கிட்டு எப்படி நிக்கிறது? மூணுன்னு சொன்னா ரெண்டு இட்லி கூடச் சாப்பிடுறீங்க. வீடும் சத்தமில்லாம இருக்கு. வலியோட உங்களையும் சேத்துச் சொமக்க என்னால முடியல. அதான் கொறச்சே சொல்லிட்டேன்."

"டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அந்தப் படத்த எவ்வளவு ஆசையா வரைஞ்சீங்க" என்றாள்.

பாதி மாத்திரை ஆனதிலிருந்து எட்டுக்குக் கீழே இறங்கவே இல்லையாம். இரண்டு நாள் ஒன்பது. நோட்டில் அந்த நாட்களுக்கு நேரே என் கையெழுத்தில் இருக்கிறது, நேற்றைய அளவே, நேற்றைய அளவே என்று. நான் கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 19

காலை ஆறு மணி.

"ஜெயக்கொடி, முதுகக் காட்டு. பாக்கணும்" என்றேன்.

"இப்ப எதுக்கு? அதெல்லாம் ஆறிப்போச்சு."

"பாக்கணும்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். வேட்டித் துணியைத் தானே அவிழ்த்தாள். என்னை அவிழ்க்க விடவில்லை, கை பட்டுவிடும் என்று.

பார்த்ததை எழுதுகிறேன். தண்டுவடத்துக்கு இடப்பக்கம், தோள்பட்டை எலும்புக்கு நான்கு விரல் கீழே ஆரம்பம். ஒரு சாண் அகலம். கருத்தும் வெளுத்தும் குழிகுழியான தழும்புகள். விலா வழியாகச் சுற்றி முன்பக்கம் மார்புக்குக் கீழே முடிகிறது. இந்தப் பக்கம் சரியாக நடுமுதுகில் நின்றுவிட்டது, வலப்பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. அவள் பக்கவாட்டில் விரல் வைக்காமல் சுட்டிக் காட்டினாள். "இந்த எடத்துலதான் முத்துப்பிள்ளை கோடு போட்டுச்சு." அந்த இடத்தைத் தாண்டி முன்னால் இன்னும் நான்கு விரல் தூரம் தழும்பு போயிருக்கிறது. அந்த நான்கு விரலும் விழாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உரியது.

அதற்கு முன்னாலிருந்ததெல்லாம் பவுடருக்கு உரியது.

என் மூச்சுப் பட்டுக்கூட அவள் முதுகு சிலிர்த்தது. இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன்.

"அன்னைக்கே நான் பாத்திருக்கணும்" என்றேன்.

"ஆமா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். சொல்லவில்லை. துணியைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

காலை: 8. கேட்டு எழுதியது. மின்விசிறியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

மே 22, வியாழன்

ஒரு மாதம் கழித்து வரச் சொன்னவர்களை இரண்டு வாரத்தில் பார்த்ததும் டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். நோட்டைக் கொடுத்தேன். வரைபடத்தைக் கிழித்துவிட்டிருந்தேன்.

"டாக்டர், இதுல பாதி நான் கேக்காமலே எழுதினது. மீதிப் பாதி எனக்குப் பயந்து அவ கொறச்சுச் சொன்னது. கடைசி நாலு நாள் மட்டும்தான் நெசம்."

அவர் பக்கத்தைப் புரட்டினார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரியும். "அந்தச் சீட்டுல எழுதியிருக்கிறதும் பொய். இவ அக்கி எழுதல. எழுதறவங்கதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. எட்டு நாளக் கடத்தினது நான். மூணு தடவ பாக்கச் சொன்னா, பாக்காமலே வேர்க்குருன்னேன். பழிய இவ தலையில போட்டேன்."

வாசலில் அடுத்த நோயாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை எடுத்துச் சீட்டில் அந்த வரியை அடித்தார். மேலே வேறு ஏதோ எழுதினார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. தெரியாம உங்களத் திட்டிட்டேன்."

ஜெயக்கொடி அழுதாள். இந்த இரண்டரை மாதத்தில் வலியில் அவள் என் முன்னால் அழுததில்லை. இதற்கு அழுதாள். முந்தானை இல்லாத நைட்டியில் கண்ணைத் துடைக்கத் துணி தேடினாள். என் துண்டைக் கொடுத்தேன்.

"முன்னாடியே வந்திருந்தா இது வந்தே இருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். சிலருக்கு எப்ப வந்தாலும் வலி நிக்கும். ஆனா ஒரு வாய்ப்பு இருந்துச்சு" என்றார் டாக்டரம்மா. அந்த வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டேன். அதற்கெல்லாம் எண் கிடையாது என்றார்.

பழைய அளவு மாத்திரையே மறுபடியும். தலை சுற்றுகிறதா என்று பார்த்துப் பார்த்து மெல்ல ஏற்றப் போகிறார். தடவ ஒரு மருந்து. ஜூன் பத்தாம் தேதி மதுரையில் ஊசி. அதிலும் முழுதாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டாராம். ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

பஸ்ஸில் இடம் இருந்தது. அவள் நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். கூட்டம் ஏறியபோது அவள் இடப்பக்கம் யாரும் உரசாமல் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து மறித்துக்கொண்டேன். கண்டக்டர் உட்காருங்க சார் என்றான். இல்லப்பா, இருக்கட்டும் என்றேன்.

டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டார். நான் இன்னும் கேட்கவில்லை. வாய் வரை வருகிறது.

இரவு: 8.

மே 23

காலை ஆறு மணி. அடுப்படி வாசலில் நின்று கேட்டேன். இட்லிப் பானையின் மூடியைத் திறந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எட்டு."

எட்டு என்று எழுதினேன். அவள் பார்க்கும்படி, பெரிதாக எழுதினேன். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் நான்கு இட்லி வைத்து என் முன்னால் நீட்டினாள். நீட்டிவிட்டு நகரவில்லை, அங்கேயே நின்றாள்.

முதல் வாய் இறங்கவே இல்லை, பானைத் தண்ணீரைக் குடித்து இறக்கினேன். இரண்டாவது இட்லி. மூன்றாவது. நான்காவதையும் சட்னியைத் தொட்டுத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தேன். அவள் காலித் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு வைக்கவா?" என்றாள்.

வை என்றேன்.